உண்டு என்றோரும் இல்லை என்றோரும்: பண்டைத் தமிழகத்தில் மறுப்போர் குரல்

நாத்திகம் என்னும் சொல்லைச் சேலம், நாமக்கல் பகுதிகளில் ஒருவர் கூறினால், கேட்போர் நினைவில் முதலில் எழுவது 1944ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சேலத்தில் கூடிய மாநாடாகவே இருக்கும். நீதிக்கட்சி, திராவிடர் கழகம் எனப் பெயர் பூண்டது அம்மாநாட்டில்தான். அதனால், கடவுள் மறுப்பு என்பது இருபதாம் நூற்றாண்டில், அதுவும் மேலைக் கல்வியின் வழியே தமிழகத்தில் புகுந்த ஒன்று எனக் கருதுவார் பலர். பழங்கால மக்கள் அனைவரும் ஐயம் என்பதையே அறியாத பக்தர்களாய் வாழ்ந்தனர் என்னும் நினைப்பு இக்கருத்தின் மறுபுறம். இவ்விரண்டிற்கும் நம் பழைய நூல்கள் இடந்தரவில்லை. சங்கச் சான்றோர் காலத்திலேயே 'இல்லை' என்று சொன்னோர் இருந்தனர். அவர்கள் எதனை இல்லை என்றனர், அவர்தம் சொல் நம் கைக்கு எவ்வழியில் வந்து சேர்ந்தது என்னும் இரு வினாக்களை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

சங்கப் பாடல்களில்

புறநானூற்றின் 29ஆம் பாடல், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குக் கூறிய அறிவுரை. நல்வினைக்கு நற்பயனும் தீவினைக்குத் தீப்பயனும் இல்லை என்பாரோடு நீ இனமாகாது இருப்பாயாக என்று அதில் புலவர் மன்னனை வேண்டுகிறார். இவ்வேண்டுகோள் மிகுந்த பொருளுடையது. இல்லாத ஒரு கூட்டத்தைக் குறித்து யாரும் எச்சரிப்பதில்லை. அரசவையை அணுகி, அரசன் செவியில் தம் கருத்தை ஏற்றக்கூடிய நிலையில் அத்தகையோர் இருந்தமையாலன்றோ புலவர்க்கு இக்கவலை எழுந்தது! அவர்கள் மறுத்தது வினைப்பயனை. கடவுளைப் பற்றி அப்பாடலின் அப்பகுதியில் பேச்சே இல்லை என்பதையும் நினைவில் இருத்துதல் வேண்டும்.

இதனினும் வியப்பளிப்பது கோப்பெருஞ்சோழன் பாடிய 214ஆம் பாடல். மக்களோடு பகைத்து, வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த மன்னன் சாவின் வாயிலில் அமர்ந்து பாடியது அது. நல்வினை செய்வோமா வேண்டாமா என ஐயுறுவோரை நோக்கி அவன் வாதிடும் முறை நுட்பமானது. யானை வேட்டைக்குப் போனவன் யானையையும் பெறலாம். குறும்பூழ் வேட்டைக்குப் போனவன் வெறுங்கையோடும் திரும்பலாம். ஆதலின் உயர்ந்ததையே குறிக்கொள்க என்கிறான். அடுத்து அவன் எடுத்து வைக்கும் படிகளை உற்று நோக்குக. நல்வினை செய்தார்க்கு மேலுலக இன்பம் கிட்டலாம். அவ்வின்பம் இல்லையெனின், மீண்டும் பிறவாமை கிட்டலாம். பிறப்பே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், இமயச் சிகரம்போல் புகழை நட்டுப் பழியற்ற உடம்போடு மாய்வது நன்று. ஒவ்வொரு படியிலும் 'அதுவும் இல்லையென்றால்' என்னும் எதிர்வாதத்திற்கு இடங்கொடுத்தே அவன் மேற்செல்கிறான். மறுமை உண்டென்று அவன் சத்தியம் செய்யவில்லை, இல்லையென்றும் கூறவில்லை. இறக்கப் போகும் ஒருவன் இத்துணை நேர்மையோடு தன் ஐயத்தை வெளிப்படுத்திய பாடல்கள் உலக இலக்கியத்தில் மிகப் பலவாக இருக்கும் என்று தோன்றவில்லை.

வள்ளல் ஆய், இம்மையில் ஈந்தால் மறுமையில் பெறலாம் எனக் கணக்கிடும் அறவணிகன் அல்லன் என உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புகழ்வது (புறம். 134) மறுமையை மறுப்பதன்று; அறத்திற்கு மறுமைக் கூலி வேண்டியதில்லை என்னும் நெஞ்சுரத்தைக் காட்டுவது. இன்னாததாய் இவ்வுலகைப் படைத்தவனைப் பண்பிலாதவன் என்று பக்குடுக்கை நன்கணியார் நொந்து கூறுவதோ (புறம். 194) படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட பின்னர் எழும் மனக்குறை.

மாங்குடி கிழார் பாடிய 335ஆம் பாடல், பகைவரின் யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்த வீரனின் நடுகல்லைத் தவிர நெல் தூவி வழிபடத்தக்க கடவுள் வேறில்லை என்கிறது. அதியமான் ஆண்ட தகடூர் நாட்டின் வழியே, தருமபுரி தொட்டுச் சேலம் வரை, வயல் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்களைக் கண்டு பழகியவர்க்கு இப்பாடலின் பொருள் உரையின்றியே விளங்கும். வேறு கடவுளை இல்லை என்னும் இப்புலவரை எவரும் நாத்திகர் எனக் கூறமாட்டார். 'இல்லை' என்னும் சொல் ஒன்றுதான். அது சுட்டும் பொருளோ இடந்தோறும் வேறு.

சொல்லும் பொருளும்

'நாஸ்தி' என்னும் வடசொல்லுக்கு 'இல்லை' என்பது பொருள். அதனடியாகப் பிறந்தது நாத்திகம். எது இல்லை? பாணினியின் இலக்கணத்திற்கு உரை கண்டோர், மறுவுலகம் இல்லை என்பவனே நாத்திகன் என்றனர். மனுநூல் வேதத்தை நிந்திப்பவனை நாத்திகன் என்றது. கடவுள் இல்லை என்பவனே நாத்திகன் என இன்று நாம் கொள்ளும் பொருள் இவற்றிற்குப் பின்னரே மேலோங்கியது.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாவிடின் பெருங்குழப்பம் விளையும். சான்றாக, வேதத்தையே தலைமேற் கொண்ட மீமாஞ்சகர் உலகைப் படைத்த இறைவன் ஒருவனை ஏற்றுக்கொள்ளவில்லை. வேள்வி தன் பயனைத் தானே தரும், இடையில் ஒருவர் நின்று கொடுக்க வேண்டியதில்லை என்பது அவர்தம் துணிபு. எனினும் அவர்கள் ஆத்திகர் வரிசையில் வைத்தெண்ணப்பட்டனர். அருகனுக்குக் கோயில் எடுத்து நாள்தோறும் மலரிட்டு வணங்கிய சமணரோ வேதத்தை ஏற்காமையால் நாத்திகர் எனப்பட்டனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் 'நிரீச்சுர சாங்கியன்' என ஒருவன் வருகிறான். நிரீச்சுரம் என்றால் ஈசுவரன் இல்லாதது. கடவுள் இல்லாத சாங்கியம் வைதிக மரபுக்குள்ளேயே ஒரு தரிசனமாக நிலைபெற்றிருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று.

இஃது இந்திய நாட்டிற்கு மட்டும் உரிய நிலையன்று. ஏதென்சு நகரத்தார் கி.மு. 399இல் சாக்ரடீசுக்கு நஞ்சளித்தபோது, நகரம் ஏற்ற தெய்வங்களை அவர் ஏற்கவில்லை என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஒரே இறைவனைத் தொழுத தொடக்ககாலக் கிறித்தவர்களை உரோமானியர் 'கடவுளற்றோர்' என்று அழைத்தனர். உரோமரின் தெய்வங்களை அவர்கள் வணங்க மறுத்ததே காரணம். ஆகவே, பழைய ஏடொன்றில் ஒருவரை நாத்திகர் என்று எழுதியிருக்கக் கண்டால், எழுதியவர் எதனை நம்பினார் என்பதைத்தான் அச்சொல் நமக்கு முதலில் உணர்த்துகிறது. எழுதப்பட்டவர் எதனை மறுத்தார் என்பதைத் தனியே தேடியறிதல் வேண்டும்.

திருக்குறளில் புல்லறிவாண்மை அதிகாரத்தின் இறுதிக்குறள் (850) இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவன் பேயாக எண்ணப்படுவான் என்பது அதன் கருத்து. எப்பொருள் என்று வள்ளுவர் பெயரிட்டுச் சொல்லவில்லை. கடவுள், மறுபிறப்பு, இருவினைப்பயன் என அவ்விடத்தை நிரப்பியவர் பரிமேலழகர். குறளையும் உரையையும் ஒன்றாகவே படித்துப் பழகிவிட்ட நமக்கு இவ்விடைவெளி எளிதில் புலப்படுவதில்லை.

வஞ்சி நகரில் ஒரு வாதி

கடவுள், உயிர், மறுமை ஆகிய மூன்றனையும் ஒருங்கே மறுத்தவர் உலகாயதரும் பூதவாதியரும். அவருள் பூதவாதியின் குரலைத் தமிழில் முதன்முதலாகச் சற்று விரிவாகக் கேட்பது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில். அதன் 27ஆம் காதையாகிய 'சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை'யில், மணிமேகலை மாதவன் வடிவு பூண்டு வஞ்சி நகருக்குள் புகுந்து, அளவைவாதி தொடங்கிப் பத்துச் சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். இறுதியாக நிற்பவன் பூதவாதி. (வஞ்சி எது என்பதில் அறிஞர்க்குள் இன்றும் வழக்குண்டு. கரூரே எனக் கொள்வோமாயின், அவன் நின்று பேசிய இடம் நாமக்கல்லார்க்குக் காவிரியின் அக்கரைதான்!)

அவன் கூறுவது இதுதான். ஆத்திப்பூ அன்று, தாதகிப்பூ. அதனையும் வெல்லக்கட்டியையும் பிறவற்றையும் சேர்த்து ஊறவைத்தால் முன்பு எதனிலும் இல்லாத வெறி அக்கலவையில் தோன்றுகிறது. அவ்வாறே பூதங்கள் கூடியவிடத்து உணர்வு தோன்றுகிறது. அவை பிரிந்தால் முரசின் ஒலி தேய்ந்து மறைவதுபோல் உணர்வும் தன் முதலில் ஒடுங்கிவிடுகிறது. கண்கூடாகக் காண்பதே அளவை, கருதியறிவது அளவையாகாது. இம்மையும் இம்மைப் பயனும் இப்பிறப்பிலேயே முடிவன, மறுமை பொய். தன் கொள்கை உலகாயதத்தோடு பெரும்பாலும் ஒத்ததே என்றும், உயிருள்ள பூதம், உயிரற்ற பூதம் எனப் பகுப்பதில் தான் சிறிது வேறுபடுவதாகவும் அவன் கூறுகிறான். மறுப்பவர்க்குள்ளும் கிளைகள் இருந்தன என்பது இதனால் விளங்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் கூடியவிடத்துச் செந்நிறம் பிறக்கும் உவமையை உலகாயதர் கூற்றாக வடமொழி நூல்கள் காட்டும். கள்ளும் தாம்பூலமும் கொண்டு உயிரை விளக்க முற்பட்ட இவர்கள் அன்றாட வாழ்விலிருந்தே சான்று தேடியவர்கள் என்பதில் ஐயமில்லை.

மணிமேகலை நகைத்துக்கொண்டே விடையிறுக்கிறாள்: கருதலளவை இல்லையெனில், உன் தாய் தந்தையரை நீ எவ்வாறு அறிந்தாய்? சுருக்கென்று தைக்கும் வினா. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது, 'பூதவாதி இதற்கு என்ன மறுமொழி சொன்னான்?' என்று மாணவருள் ஒருவரேனும் கேட்காத ஆண்டில்லை. காப்பியம் அவனுக்கு மறுமொழி கூற வாய்ப்பளிக்கவில்லை. அவன் பேச்சு முழுதும் இருபது அடிகளுக்குள் முடிந்துவிடுகிறது.

சாத்தனாரை ஒருபாற்கோடியவர் என்று இதனால் கூறிவிட முடியாது. அதே நூலின் ஆதிரை பிச்சையிட்ட காதையில் (16) அவர் மற்றொரு காட்சியை வைத்துள்ளார். கலம் கவிழ்ந்து, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையை அடைந்த வணிகன் சாதுவன், அவர்தம் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் பிழைக்கிறான். கள்ளும் ஊனும் விலக்குக, உயிர் உடலை விட்டு வேறிடம் புகும் என்று அவன் அறம் உரைக்கத் தொடங்கியதும், நாகர் தலைவன் கேட்கிறான்: உடம்பை விட்ட உயிர் எவ்வாறு போய் வேறிடம் புகும்? அதனைச் சொல். நூலறிவில்லாத ஒரு மலைத்தலைவன் வாயில் வைக்கப்பட்டுள்ள இவ்வினா, வஞ்சியில் கற்றறிந்த பூதவாதி எழுப்பியதைக் காட்டிலும் கூர்மையானது. உயிர் நீங்கிய உடம்பைச் சுட்டெரித்தாலும் அஃது உணர்வதில்லை, ஆதலின் அதனை விட்டு நீங்கிய ஒன்று உண்டு என்பது சாதுவன் விடை. பூதவாதி அருகில் இருந்திருந்தால், முரசொலி உவமையை மீண்டும் எடுத்திருப்பான். இவ்விரு காதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தாலன்றி அவ்வாதம் முழுமை பெறாது.

ஒன்றை மறத்தலாகாது. இவ்வளவும் பாடியவர் பௌத்தர். பௌத்தமோ படைப்புக் கடவுளையும் நிலைத்த ஆன்மாவையும் ஏற்காதது. வைதிகரால் நாத்திகம் எனப்பட்டது. நாத்திகர் எனப்பட்டவரே மற்றொரு நாத்திகரை மறுத்தெழுதிய நூல் வழியாகத்தான் அவர்தம் கொள்கையை நாம் அறிகிறோம்.

மாற்றார் காத்த சொல்

பூதவாதியோ உலகாயதரோ தமிழில் இயற்றிய நூலென ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. சமண நூலாகிய நீலகேசியின் இறுதிச் சருக்கம் பூதவாதம். அங்கும் அது மறுப்பதற்காகவே எடுத்துரைக்கப்படுகிறது. சித்தியாரின் பரபக்கம் முதலில் உலகாயதன் மதத்தை அவன் கூற்றாகவே உரைத்துப் பின்னர் மறுதலை கூறுகிறது. வடமொழியிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. அவ்வழி வந்த ஐயவாதி சயராசி பட்டரின் 'தத்துவோபப்லவ சிம்மம்' என்னும் ஒரு நூல் மட்டும் 1926இல் குசராத்தின் பாடண் நகரில் ஓலைச்சுவடியாகக் கிடைத்து, 1940இல் பரோடாவில் அச்சேறியது.

மாற்றார் எழுதியதை எந்த அளவுக்கு நம்பலாம்? 'உண்டு களி, நாளை இல்லை' என்பதே உலகாயதம் என்னும் படிமம் பெரும்பாலும் மறுப்பாளர் வரைந்தது என்றே தோன்றுகிறது. இன்பமே குறிக்கோள் என்று அவர்கள் கூறியிருக்கலாம். ஆயினும் அவர்கள் எவ்வாறு இல்லறம் நடத்தினர், இறந்தோரை எவ்வாறு அடக்கம் செய்தனர், யாரிடம் பாடம் கேட்டனர் என்பவற்றைக் கூற மறுப்பு நூல்களுக்குத் தேவை எழவில்லை. வாதம் எஞ்சியது, வாழ்க்கை எஞ்சவில்லை. அதே வேளையில், பிறர் கொள்கையை அவர் நாவினாலேயே முதலில் கூறிவிட்டு மறுக்கும் பரபக்க மரபு இல்லாதிருந்தால் வாதமும் எஞ்சியிராது. ஆசீவகர் வரலாற்றை 1951இல் ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய ஏ.எல். பாஷம், மணிமேகலை, நீலகேசி, சித்தியார் ஆகிய மூன்றையும் பெரிதும் சார்ந்தே தமிழகத்து ஆசீவகர் கொள்கையைத் தொகுத்தார். மூன்றும் ஆசீவகரை மறுத்த நூல்கள்!

இஸ்லாமிய அறிவுலகிலும் இத்தகைய ஒரு மரபுண்டு. இவ்வுலக வாழ்வைத் தவிர வேறில்லை, எம்மை அழிப்பது காலமே என்று கூறுவோரின் கூற்றைத் திருக்குர்ஆன் 45ஆம் அத்தியாயமாகிய 'அல்ஜாஸியா'வின் 24ஆம் வசனம் எடுத்துரைத்தே மறுக்கிறது. காலத்தைக் குறிக்கும் 'தஹ்ர்' என்னும் அச்சொல்லால் பிற்காலத்தார் அத்தகையோரைத் 'தஹ்ரிய்யா' என அழைத்தனர். இமாம் கஸ்ஸாலி (கி.பி. 1058–1111) மெய்யியலாரை மறுத்துத் 'தஹாஃபுத்' எழுதுவதற்கு முன், அவர்தம் கொள்கைகளை எவ்வகைத் திரிபுமின்றி விளக்கி 'மகாஸித்' என்னும் நூலை இயற்றினார். அது பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, படித்த ஐரோப்பியர் கஸ்ஸாலியையே அம்மெய்யியலாருள் ஒருவர் என எண்ணிவிட்டனர். எதிர்க்கட்சியை அத்துணைச் செம்மையாக எழுதியிருந்தார்! இறைநம்பிக்கையுடைய ஒருவருக்கு இதனால் என்ன இழுக்கு நேர்ந்தது? இன்று மேடைகளில் மாற்றுக் கருத்தினரை இகழ்வதற்கு முன் அவர் கூறியதை ஒருமுறையேனும் முழுமையாகச் சொல்லும் பழக்கம் இருதரப்பிலும் அருகிவிட்டது. நம்புவோரும் மறுப்போரும் இதில் ஒருவர்க்கொருவர் குறைந்தவரல்லர்.

நம் மாவட்டத்துச் சுவடுகள்

வாதங்கள் ஏட்டில் நிற்க, மண்ணில் நிகழ்ந்தவை வேறு. தலைவாசலை அடுத்த தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இரண்டு உள்ளன. சேலம் பெரியேரியில் மக்கள் நெடுங்காலம் 'தலைவெட்டி முனியப்பன்' என வணங்கிவந்த சிலை புத்தருடையதே எனத் தொல்லியல் துறை ஆய்ந்து கூறியதை ஏற்று, 2022ஆம் ஆண்டு சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனை முனியப்பனாகக் கருதிப் பூசை செய்வது தொடரலாகாது என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி. கடவுளைப் பற்றிப் பேசாதவர், வேதியரால் நாத்திகர் எனப்பட்டவர், இங்கே ஊர்க்காவல் தெய்வமாகிப் பூசை பெற்றிருக்கிறார். அச்சிலையின் முன் கைகூப்பியவர்க்குப் பிடகமும் தெரியாது, பரபக்கமும் தெரியாது.

சேலத்துக்கும் மணிமேகலைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1880ஆம் ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராகிய உ.வே. சாமிநாதையரிடம், நீங்கள் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் புராணங்களையும் அடுக்கினார். முதலியார் அவற்றில் நிறைவு கொள்ளவில்லை. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்றார். அவ்வினாவின் விளைவாக 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. சைவ மடத்தில் கற்ற ஐயர், சமண நூலைப் பதிப்பிக்கச் சமணர் இல்லங்களுக்குச் சென்று அவர்தம் கொள்கைகளைக் கேட்டறிந்தார். மணிமேகலையின் பொருள் விளங்கக் கும்பகோணத்தில் மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களிலிருந்து பௌத்தத்தை எடுத்துரைக்கப் பாடம் கேட்டார். 1898இல் மணிமேகலை அச்சேறியபோது, புத்தரின் வரலாற்றையும் தருமத்தையும் சங்கத்தையும் தமிழர்க்கு விளக்கி ஒரு பகுதியைத் தாமே எழுதிச் சேர்த்தார். அப்பதிப்பின் 27ஆம் காதையில், அளவைவாதிக்கும் சைவவாதிக்கும் வேதவாதிக்கும் பின்னால், ஓர் அடியும் குறையாமல் பூதவாதியின் பேச்சும் இருந்தது.